படகு மறைக்கும் அறை

பயண அலுவலகத்தில் வீப்கே
இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தாள்.
ஒன்றில் சன்னலே இல்லை.
மற்றதில் பால்கனி,
எண்ணூற்று நாற்பது யூரோ கூடுதல்.

ஓன்னோ முதல் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.
"தூங்கத்தானே அறை."

பணத்துக்காகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.
முப்பத்தோரு வருடம்
பிரேமர்ஹாஃபன் துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிப் பெட்டியில்
குனிந்து உட்கார்ந்து
கன்டெய்னர் தூக்கியவர்.
காலுக்கடியிலும் கண்ணாடி.
வெயில், பனி, ஆறு கடலில் கலக்கும் பழுப்பு,
எல்லாம் கேட்காமலே உள்ளே வந்தன.
அப்படிப் பார்த்து அலுத்த மனிதர்
கதவைச் சாத்தினால் இருட்டிவிடும் ஓர் இடம் கேட்கிறார்.
அநியாயமான ஆசை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நான்
மீன் வெட்டும் கூடத்தில் இருந்தவள்.
குழல்விளக்கு, ஈர சிமெண்ட், ரப்பர் பூட்ஸ்.
கடல் இருநூறு அடி தள்ளி,
சுவருக்கு அந்தப் பக்கம்.
அது கொடுத்தனுப்பியவை மட்டும்
என் மேசைக்கு வந்தன,
ஐஸில் புதைந்து, கண் திறந்தபடி.
டிசம்பரில் இருட்டில் உள்ளே போய்
இருட்டில் வெளியே வருவேன்.
பகலில் மழை பெய்ததா என்று
சைக்கிள் சீட்டைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்வேன்.

இதையெல்லாம் வீப்கேயிடமா சொல்வது?
"ஜூனில் நார்வேயில் ராத்திரியே கிடையாதாமே" என்றேன்.
"அதற்காகத்தான் சொல்கிறேன், ஹைன்கே" என்றார் ஓன்னோ.

வீப்கே பேனாவை மூடினாள், திறந்தாள்.
இழுப்பறையிலிருந்து மூன்றாவது தாள் வந்தது.
பால்கனி உண்டு.
எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும்.
காட்சி ஓரளவு மறையும்.
முந்நூற்றுப் பத்து யூரோ.

கீல் நகரில் ஏறினோம்.
கதவைத் தள்ளினால்
அந்தரத்தில் நிற்கிறது ஓர் ஆரஞ்சுப் பேருந்து.
அதற்கு மேலே இரண்டு முழம் வானம்.
எக்கிக் குனிந்தால், கீழே
ஒரு சாண் கடல்.
"ஓரளவு" என்ற சொல்லை
நான் இவ்வளவு நெருக்கத்தில் பார்த்ததில்லை.

பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த ஓன்னோ
என் மூக்குறிஞ்சல் கேட்டு எட்டிப் பார்த்தார்.
வெளியே வந்தார்.
கைப்பிடிக் கம்பியைப் பற்றிக் கழுத்தை நீட்டினார்.
"கப்பியில் கிரீஸ் காய்ந்திருக்கிறது.
அந்த இரும்புக் கயிற்றைப் பார்,
மூன்றாம் சுற்று சரியாக உட்காரவில்லை."
நூற்றைம்பது பேர் ஏறினால் எத்தனை டன் என்று
விரல் மடக்கினார்.
மூன்று நாளாக
காலைக் காப்பி அங்கேதான், படகோடு.
நள்ளிரவுச் சூரியனையும் அது மறைக்கிறதாம்.
"நல்ல படகு" என்றார்.

ஓலசுண்டில் கப்பல் நின்றபோது பயிற்சி.
மணி அடித்தது,
எங்கள் படகு ஓர் உலுக்கலோடு இறங்கத் தொடங்கியது.
முதலில் மலை நெற்றி.
பிறகு பனிக்கோடு, மரங்கள்,
மஞ்சள் வீடு, அதன் கொடியில் யாரோ ஒருவரின் போர்வை.
பிறகு தண்ணீர்.
தண்ணீர்.
கண்ணுக்கு அணை போட எதுவுமில்லை.

நான் பேச்சற்று நிற்கிறேன்,
பக்கத்தில் அவர்
கீழே கீழே பார்த்துக்கொண்டு
சுற்றுகளை எண்ணுகிறார்.
எண்ணி முடித்ததும் தலை தூக்கினார்.
எதிரே அத்தனையும் கிடந்தது.
கண் கூசி, கையால் மறைத்துக்கொண்டார்.
"எப்போது திரும்பி வரும்?"

நாற்பது நிமிடத்தில் வந்தது,
அடிவயிற்றில் தண்ணீர் சொட்ட.
கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துளி.
நக்கிப் பார்த்தேன்.
உப்பு.

உள்ளே போய்
திரைச்சீலையின் இரு நுனிகளையும்
என் கொண்டை ஊசியால் சேர்த்துக் குத்தினேன்.
அவர் குறட்டை அந்தப் பக்கம்.
மணி இரவு பன்னிரண்டு.
வெளியே, படகுக்கு மேலே,
என் இரண்டு முழம் இன்னும் வெளிச்சமாக இருந்தது.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.