பணகுடிச் சாய்வு

ஆடி மாதம் கடைக்கதவைத் திறந்தால்
கணவாய்க் காற்றுதான் முதல் வாடிக்கை.
மாதிரி அட்டைகளையெல்லாம் புரட்டிப் பார்க்கும்.
ஒன்றும் வாங்காது.

அடுத்து வந்தவள் குழந்தைத் தெரஸ்.
மாவு மில்காரி, வயது நாற்பத்தாறு.
தலையில் இருந்தது மாவா நரையா, தெரியவில்லை.
"மூணு ஞாயிறும் ஓலை வாசிச்சாச்சு.
நூறு கார்டு போதும்."
மணமகள் பெயர்?
"எம் பேருதான்."
அழைப்பவர்?
"அதுவும் நாந்தான்."

எழுத்துருக்களைத் திரையில் இறக்கினேன்.
இருபத்தேழாவதில் அவள் விரல் நின்றது.
பட்டைப் பேனாவைச் சரித்துப் பிடித்து எழுதியதுபோல்
ஏறும்போது மயிரிழை, இறங்கும்போது சதை.
கோடு முடிகிற இடத்தில்
செருப்புக்குள் நுழையப்போகும் கால்விரல் மாதிரி
ஒரு சின்ன நுனி.
அத்தனையும் வலப்பக்கம் சரிந்தவை.

என் கடையில் இதற்கு வேலை குறைவு.
நகை ஏல அறிவிப்பில் போட்டால் எவனும் பயப்பட மாட்டான்.
கண்ணீர் அஞ்சலிக்கு ஆகாது.
நாகர்கோவில் பஸ்ஸில் போகிறவன் கண்ணுக்கு
பிளெக்ஸில் இது வெறும் பாகற்கொடி.
எட்டுப் புள்ளிக்குக் கீழே இறக்கினால் மயிரிழை அறுந்து
ள இருந்த இடத்தில் ன நிற்கும்;
வள்ளியூர் வன்னியூராகி
ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்குக்
கால்வாசிப் பணம் தள்ளுபடி செய்திருக்கிறேன்.
அல்வாப் பெட்டியின் மூடி,
ஒரு பெயர், ஒற்றை வரி வாழ்த்து,
கதைப் புத்தகத்தில் ஒருத்தி மனசுக்குள் பேசிக்கொள்வது:
இவ்வளவுதான் இதன் பிழைப்பு.

பெயரைத் தட்டினேன்.
கு கிளம்பிவிட்டது.
ழ தன் வாலை வரிக்குக் கீழே இழுத்து
அடுத்த எழுத்தின் காலடிவரை விரித்தது.
தை, சங்கிலிக்கொம்பை முன்னே நீட்டிக்கொண்டு.

கூட வந்த அண்ணன் சவரிமுத்து குனிந்து பார்த்தார்.
"என்னம்மா, எழுத்தெல்லாம் கிறக்கம் வந்து கெடக்கு?
நேரா நிக்க வையி.
மேல எங்க அப்பா பேரப் போடு.
ரெண்டாங் கல்யாணம்னாலும் கல்யாணம்லா?"

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போகிற பிள்ளை ஒருத்தி,
நெற்றி முன்னே, துப்பட்டா முதுகுக்குப் பின்னே படபடக்க,
புழுதிக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளையப் பாருண்ணே.
மேக்க போறால்லா?
இந்தக் காத்துல நேரா நின்னா
ஒரு எட்டு வைக்க முடியுமா?"

சவரிமுத்து வேட்டியைப் பிடித்தபடி பார்த்தார்.
அப்பா பேரை அப்புறம் கேட்கவில்லை.

"மாப்பிள்ளை பேரையும் இதிலேயே போடவா?"
"மிக்கேல் ராயனா?" சிரித்துவிட்டாள்.
"காத்தாடி மெக்கானிக்கு. டவர்ல ஏறுத ஆளு.
அவர நேராப் போடு, விழுந்திரப் போறாரு."

கோயில், தேதி, மணி, பந்தி நடக்கும் மண்டபம்
எல்லாம் கெட்டி நேரெழுத்தில் நானே போட்டேன்.
வள்ளியூர் மறக்காது.

முன்பணம் ஐநூறு.
நோட்டில் மாவு.
ஊதிவிட்டு மேசைக்குள் வைத்தேன்.