கேத்தி, ஆடி மாதம்

எக்ஸ்ரேயில் வலது கீழ் நுரையீரல்
மழைநாள் கேத்திப் பள்ளத்தாக்கு.
ஒரு வீடும் தெரியவில்லை.

ஞானசௌந்தரிக்கு இரவு இரண்டு மணிக்கு
கேரட் கழுவுகிற வேலை.
மேட்டுப்பாளையம் லாரி கிளம்பும்வரை
முழங்கை மட்டும் பச்சைத்தண்ணீர்.

“நீங்க கேரட் சாப்பிடுறதுண்டா?”
டாக்டர் கேட்க, சிரித்தாள்.
சிரிப்பு இருமலில் முடிந்தது.
“ஒடைஞ்சது கிடைக்கும் சார்.
அது ஓனர் மாட்டுக்கு.”

ஊசி கிருமியைக் கொல்லும், சரி.
மூச்சுக்குழலின் உள்தோல்
தன் கிழிசலைத் தானே தைக்க
அந்த ஆரஞ்சு நிறத்தில் கொஞ்சம் வேண்டும்.
விழுங்கிய கிருமியை வெள்ளணு
செரிக்க வெயில் வேண்டும்.

வெயிலை எந்தச் சீட்டில் எழுதி
எந்த ஸ்டோரில் வாங்க?

சுரம் இறங்கிய நாலாம் நாள்
மேகம் விலகியது.
வராந்தாவுக்குக் கட்டிலைத் தள்ளினேன்.
ஏழு நிமிடம்.
உள்ளங்கைகளை விரித்து வைத்திருந்தாள்,
நகக்கண்ணில் இன்னும் மண்.