ப

ஒத்தக்கடை தாண்டி
யானைமலை முதுகு காட்டும் பக்கம்
என் கொட்டகை.
மூன்று வாளி, ஒரு கம்ப்ரெஸர்,
தவணை முடியாத பாலிஷ் மிஷின்.

தூசியைக் கழுவுமுன் படித்துவிடுவேன்.
சிவப்பென்றால் உசிலம்பட்டி ரோடு.
கரித்தூள், கொஞ்சம் உமி: ரைஸ்மில் பக்கம் வீடு.
பங்குனியில் மஞ்சளாய்ப் பிசுக்கென்றிருந்தால்
வேப்பமரத்தடியில் நிறுத்துகிற ஆள்,
நிழலுக்கு ஆசைப்பட்டவர்.
வெள்ளையாய், மாவுபோல,
ஆனால் நகத்தில் நெருடினால்
அது மேலூர்க் கல்.
அதைக் காய்ந்த துணியோடு நெருங்குகிறவன்
கையைப் பிடித்து நிறுத்துவேன்.
பெயின்டைவிடக் கெட்டி அது.
துடைக்கத் துடைக்கக் கோடு விழும்,
தேய்த்த சூட்டுக்கு
இன்னும் நாலு தூசி ஓடிவரும்.

பத்மலோசினி அம்மா வண்டி கறுப்பு.
ஐம்பத்துமூன்று வயதில் லைசென்ஸ்.
ஏழாயிரத்து ஐந்நூறு கொடுத்து சீலன்ட் போட்டுப் போனவர்
நாலாம் நாள் வந்து நின்றார்.

"தூசி ஒட்டாதுன்னீங்க."
"தண்ணி ஒட்டாதுன்னேன்மா.
தூசி ஒட்டலை. உக்காந்திருக்கு."

சிரிக்கவில்லை.
நகத்தால் தொட்டுப் பார்த்தேன்.
வீடு கான்பாளையம்,
ஜவுளிக்கடை தெற்கு மாசி வீதி.
இரண்டுக்கும் நடுவில் மேலூர் இல்லை.

நான் எதுவும் கேட்கவில்லை.
ஹோஸைத் திறந்தேன்.
வெள்ளை கரைந்து கால்வழி ஓட ஓட
அவராகவே பேசினார், என்னிடமல்ல,
பக்கத்துச் சக்கரத்திடம்:

"கீழமாசி வீதியில ரெண்டாவது கியருக்கு மேல
போடவே முடியலப்பா.
அந்த நாலுவழி ரோட்டுலதான்
அஞ்சு வரைக்கும் விழுகுது."

அஞ்சு விழுந்த பிறகு
சும்மா எப்படித் திரும்புவது?
கிளைச்சாலையில் இறங்கி
குவாரிப் பள்ளம் ஓரமாக நிறுத்தியிருக்கிறார்.
பள்ளத்தில் பச்சைத் தண்ணீர்.
லாரிகள் போயிருக்கின்றன, வந்திருக்கின்றன.
அவ்வளவுதான். திரும்பிவிட்டார்.
மூன்று நாளும் அவ்வளவுதான்.

"எங்க போச்சுன்னு
வண்டியைப் பார்த்தாத் தெரியாத மாதிரி
ஏதாச்சும் மெழுகு இருக்கா?"

"அதுக்குத் தண்ணி போதும்மா."

"அஞ்சு மணிக்குள்ள?
அவரு கடையிலருந்து வந்துருவாரு."

ஷாம்பு போட்டு, அலசி,
பஞ்சுத் துணி ஒற்றி எடுத்தபோது
மலைப்பக்கமிருந்து நாலுமணி வெயில்
பானெட்டில் சாய்ந்தது.
அப்போதுதான் தெரிந்தது:
டிரைவர் பக்க ஓரத்தில், உள்ளங்கை அகலம்,
விரலால் எழுதிய 'ப'.
கீழே ஒரு கோடு, குறுக்கே ஒன்று, மேலே ஒன்று.
தூசி போய்விட்டது. தூசியை அழுத்திய விரல்
கீறலாய் நிற்கிறது.

"மிஷின் வச்சா போயிரும்மா.
மேல்தோல்ல ரெண்டு மைக்ரான் எடுக்கணும்."

குனிந்து பார்த்தார்.
இந்தப் பக்கமிருந்து, அந்தப் பக்கமிருந்து.
நிழல் விழுந்தால் மறைகிறது,
நகர்ந்தால் வருகிறது.

"விடுங்க. எடுக்க வேணாம்."

அதன்மேலேயே மெழுகைத் தடவினேன்,
வட்டமாக, அவசரமில்லாமல்.
பிரேசில் பனையோலை மெழுகு என்று டப்பாவில் படம்.
ஒரு பனைக்கு இன்னொரு நாட்டில் இந்த வேலை.

நாலு நாற்பதுக்கு வண்டி இறங்கியது.
ரோட்டில் ஏறவும் ஒரு டவுன் பஸ்
முழு வீச்சில் கடந்தது.
பளபளத்த கறுப்பின்மேல்
மெல்ல உட்காரத் தொடங்கியது
எங்கள் ஒத்தக்கடைப் புழுதி.

அது பரவாயில்லை.
வண்டி கழுவப் போனேன் என்று
வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.