அரைப்பேர்

நேற்றிரவு மின்சாரம் போகும்வரை
தடித்த அகராதியில்
ஒரு சின்னச் சொல்லோடு இருந்தேன்.
பே.
ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து.
கொடு, கட்டு, செலுத்து என்றுதான்
அட்டன் தொழில் நியாயசபையில்
பதினெட்டு வருடமாக மொழிபெயர்க்கிறேன்.
அடியில் எறும்பெழுத்தில் வேறொன்று கிடந்தது:
லத்தீனில் அதற்குச்
சமாதானப்படுத்து என்று பொருளாம்.
கடன் கேட்டு வாசலில் நிற்பவனின்
கோபத்தைத் தணிப்பது.
பிரெஞ்சுக்காரர் வாயில் புரண்டு புரண்டு
பிறகுதான் காசானதாம்.

பழந்தமிழிலும் ஒரு பே உண்டு.
அதற்கு அச்சம் என்று பொருள்.
விளக்கு அணைந்தது.
இரண்டையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு
சரியாகத் தூங்கவில்லை.

இன்று மேல்கணக்குச் சின்னத்தங்கத்தின் வழக்கு.
நாளுக்குப் பதினெட்டுக் கிலோ எடுக்க வேண்டும்.
தண்ணிக்கும் சாக்குக்கும் கழித்தது போக
அவளுக்குப் பதினாறரை.
செக்ரோலில் அரைப்பேர்.
அப்படி நாற்பத்தொரு நாள்.

கம்பனி லோயர் திசேரா எழுந்து
கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு
அந்தச் சொல்லைச் சொன்னார்,
பாதித் தொகைக்கு.
என் நாக்கு இடறியது.
"கம்பனி சமாதானம் பண்ணத் தயாராம்" என்றேன்.

தராசு முள்ளைப் பார்ப்பதுபோல்
சின்னத்தங்கம் என்னைப் பார்த்தாள்.
"யாரு சண்ட புடிச்சா?
நான் கொழுந்துதானே எடுத்தேன்.
சமாதானத்த அவங்களே வச்சுக்கிறட்டும்.
எம் பேரப் போடச் சொல்லுங்க."

இதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.
பேர் என்றால் ஒரு நாள்,
விடிய முன் பிரட்டுக்களத்தில் தொடங்கி
அட்டை கடித்த கால் கழுவும்வரை ஒரு நாள்,
அதன் கூலி,
என்றெல்லாம் விளக்க எனக்கு அதிகாரமில்லை.
சொன்னதைச் சொல்வதுதான் உத்தியோகம்.
அவளுக்குப் பேர் வேண்டுமாம் என்றேன்.

தலைவர் கோப்பைப் புரட்டினார்.
பேர் இருக்கிறதே,
டைப் அடித்து, இதோ.
திசேரா சிரித்தார்.
ஸ்டெனோப் பிள்ளை சிரிக்கவில்லை,
அவள் நோர்வூட்.

பிழை என்னுடையது, திருத்த வேண்டும் என்று
கையைத் தூக்கினேன்.
அதற்குள் அடுத்த மாதம் இருபத்திரண்டு என்று
திகதி விழுந்துவிட்டது.

பஸ் நிலையத்தில் மழை.
தாள்களைச் சீனிப் பையில் சுற்றி
நெஞ்சோடு அணைத்தபடி
மஸ்கெலியா பஸ்ஸுக்கு நின்றாள்.
குடைக்குள் கூப்பிட்டேன், வரவில்லை.
ஏதாவது சொல்லி ஆற்றலாம் என்று
வாயெடுக்கும் முன்
அவள்தான் கேட்டாள்:

"ஐயா,
ஒங்களுக்கு இன்னைக்கு முழுப்பேரா?"