இரண்டாம் குடும்பப்பெயர்

எட்டாவது ஊசிக்கு முன்பே
சிட்டுக்குருவிகள் நின்றுவிட்டன.
குருவி என்றால் அப்படித்தான்,
ஒருநாள் இருக்கும் ஒருநாள் இருக்காது என்றிருந்தேன்.
பிறகு சமையலறைக் கடிகாரம்.
பிறகு மழை.
மியேரெஸில் மழை நிற்பதாவது?
ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
பெய்துகொண்டிருந்தது.

காசநோய் போய்விட்டது
என்றன மருத்துவரின் உதடுகள்.
எனக்கு ஒன்பது வயது.

நாற்பத்தாறு வருஷம்
ஸ்ட்ரெப்டோமைசினைத்தான் வைதேன்.
மருந்து தன் வேலையைச் செய்தது என்று
ஒவியேதோ ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில்
நான்கு நிறப் பேனா வைத்திருந்த ஒரு பெண்
எழுதிக் காட்டினாள்:

உங்கள் செல்லுக்குள் குடியிருப்பவை
ஒரு காலத்தில் பாக்டீரியாக்கள்.
நூறு கோடி வருஷத்துக்கும் மேலான குடித்தனம்.
வாடகையைச் சூடாகத் தருகின்றன.
மைட்டோகாண்ட்ரியா என்கிறோம்.
கிருமியைத் தேடி மருந்து வந்து கதவு தட்டியபோது
உங்களுடையவை
பழைய பெயருக்கு
‘இதோ’ என்றுவிட்டன.

பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்துகளில்
ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தைந்தாவது.
ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஜி.
காதின் உள்ளறையில் அது போதும்.

யாருடையது என்று கேட்டேன்.
எனக்குப் பேச்சு உரக்கத்தான் வரும்.
மூன்றாம் மாடியே திரும்பிப் பார்த்தது.
அவள் அம்மாவின் வட்டத்தைக்
கறுப்பு மையால் நிரப்பினாள்.

அம்மாவா!
எண்பத்தொரு வயதில்
பக்கத்து வீட்டில் காசு விழுந்தால்
எத்தனை காசு என்று சொல்கிறவள்.
அவளுக்கு யாரும் ஊசி போடவில்லை.
அவ்வளவுதான் வித்தியாசம்.

செலஸ்தீனோ ஸபிகோ புவெல்கா நான்.
எங்கள் நாட்டில் ஆளுக்கு இரண்டு குடும்பப்பெயர்,
அப்பாவுடையது முன்னால், அம்மாவுடையது பின்னால்.
பின்னால் வருவது
அடுத்த தலைமுறையில் உதிர்ந்துவிடும்.
புவெல்கா என்னோடு சரி.

செல்லுக்குள் கணக்கு தலைகீழ்.
நீந்தி வர அப்பா கொண்டுவந்த கொஞ்சம் மைட்டோகாண்ட்ரியா
முட்டைக்குள் நுழைந்ததும் குறி போட்டு அழிக்கப்படும்.
அம்மாவுடையவை தங்கும்.
மகளுக்குப் போகும், மகளின் மகளுக்குப் போகும்.
மகனுக்கும் போகும்.
மகனோடு நிற்கும்.

என் சதுரத்துக்குக் கீழே
அராத்ஸெலியின் வட்டம் வெள்ளையாக இருந்தது.
நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது.
கீழே இறங்கும்போது, சொல்லக் கூச்சமாயிருக்கிறது,
கொஞ்சம் வலித்தது.
என் மூக்கு அவளுக்கு, முன்கோபம் அவளுக்கு.
இதை மட்டும்
கொடுக்க நினைத்தாலும் முடியாது.

தங்கை எதெல்வினாவின் வட்டம் கறுப்பு.
அவள் பெற்ற நான்கும் கறுப்பு.
அப்பாவின் கார்ஷெட் பங்கு விஷயத்தில்
எங்களுக்குள் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.
பேசினால்தான் எனக்கென்ன கேட்கப்போகிறது
என்று ஊரில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து அட்டைகள் வாங்கினேன்.
‘இந்த வகை ஆன்டிபயாடிக் எனக்குக் கூடாது.’
மழையோடு லாங்ரேயோவுக்கு ஓட்டிப் போய்
அவள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு
மணி அடிக்காமல் திரும்பினேன்.

பிப்ரவரியில் நொயேலியாவின் குழந்தைக்குக் காய்ச்சல்.
பிறந்து பத்தொன்பது நாள்.
நர்ஸ் ஜென்டாமைசினை ஊசியில் ஏற்றிவிட்டாள்.
நொயேலியா கைப்பையைத் தரையில் கவிழ்த்தாளாம்.
சாவி, பஸ் டிக்கெட், பால் துணி,
அட்டை.
எனக்கு வந்த செய்தியில் மூன்றே சொல்:
‘வேறு மருந்து கொடுத்தார்கள்.’

பார்க்கப் போனேன்.
பெண் குழந்தை. நாவியா.
அந்த எழுத்து அவளுக்கும் உண்டு, அவள் பெறுகிறவர்களுக்கும்.
அட்டையும் கூடவே போகட்டும், சீதனமாக.

யாரும் பார்க்காதபோது
எவர்சில்வர் தட்டில் கரண்டியைப் போட்டேன்.
இரண்டு கைகளும் விரிந்து
உடம்பே தூக்கிப்போட்டது அவளுக்கு.
சத்தம் இருந்திருக்கிறது.

இன்னொரு முறை போட்டேன்.

வாசலில் எதெல்வினா.
ஒன்பது வருஷத்துக்குப் பிறகு
என்னிடம் அசைந்த உதடுகளைப் படித்தேன்:
குழந்தை தூங்க வேண்டாமா,
முட்டாளே.