இருபத்து மூன்றாவது மேற்கோள்

விடிகாலை. காரைக்குடியை விட்டுப்
பல்லவன் கிளம்பிவிட்டது.
மதிப்புரைக்கு வந்த கட்டுரையில்
இருபத்து மூன்றாவது மேற்கோளில்
நான் இருக்கிறேன்.

உமையாள், க., அருணகிரி, தே.,
இரண்டாயிரத்துப் பதினான்கு.
கானாடுகாத்தான் ஊரணி நீரில்
புளூரைடின் பருவ மாற்றம்.
தொகுதி ஒன்பது, பக்கம் 112 முதல் 119 வரை.

பெயர் என்னுடையது. முதலெழுத்தும் சரி.
ஊரணி இருக்கிறது, புளூரைடும் இருக்கிறது.
கட்டுரைதான் இல்லை.
அருணகிரி யாரென்று தெரியாது.
அவரோடு எந்தப் படியில் நின்று
எந்தக் குப்பியில் தண்ணீர் மொண்டேன்?
எட்டுப் பக்கம் சேர்ந்து எழுதியவர்
ஒரு டீக்காவது வந்திருக்கலாம்.

தேடினேன்.
தொகுதி ஒன்பது
நூற்று நான்காம் பக்கத்தோடு முடிகிறது.

எந்திரம் சொல்லியிருக்கும்,
கேட்டவர் அப்படியே ஒட்டியிருப்பார்.
மேற்கோள் என்ற சொல்லுக்குள்
கோள் உட்கார்ந்திருப்பதை
இன்றைக்குத்தான் கவனித்தேன்.

கோபம் வரவில்லை. அதுதான் சங்கடம்.
பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு நோட்டு இருக்கிறது.
வாரம் ஒரு குப்பி,
மொபெட்டின் முன்கூடையில் வைத்து
கானாடுகாத்தானிலிருந்து கொண்டுவந்தது.
ஐப்பசியில் மூன்று கட்டம் காலி.
மகள் பிறந்த மாதம்.
"முன்வாரத்தையும் பின்வாரத்தையும் கூட்டி
ரெண்டால வகுத்துப் போடுங்க மேடம்"
என்றார்கள் லேபில்.
ஊரணி நிரம்பிய வாரங்கள் அவை.
அவற்றைப் பார்க்காமல்
பருவ மாற்றம் என்று எதைச் சொல்ல?
மூடி வைத்தேன்.

இந்தக் கட்டுரையின் இரண்டாம் பக்கம் சொல்கிறது:
'பன்னிரண்டு மாதமும் இடைவிடாத அளவீடு.'
நான் விட்ட மூன்று கட்டத்தையும்
எனக்குத் தெரியாமலே நிரப்பிவிட்டார்கள்.
ஒரு நிமிஷம்,
பொய் சொல்லக் கூடாது, ஒரே ஒரு நிமிஷம்
சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆடிட்டர் ஆபீஸ்காரர் எழுந்து வந்து
முகத்தைப் பார்த்துவிட்டு,
"என்ன, கணக்கு இடிக்குதா?"
"போடாத பணத்துக்கு
என் பேர்ல வரவு வச்சிருக்காங்க."
"அடிச்சிரு. ஒருநாள்
பற்றுக் கேட்டு எவனாவது வருவான்."
பல்துலக்கப் போய்விட்டார்.

மதிப்புரையாளர் யாரென்று தெரியக் கூடாது, அது விதி.
எழுதியவள் எழுதவில்லை என்பதை
எழுதியவளே எப்படி எழுத?
'மேற்கோள் 23 எங்கும் கிடைக்கவில்லை' என்று எழுதினேன்.
பத்திரிகை ஆசிரியர் மட்டும் பார்க்கும் பெட்டியில்
'உமையாள் நான்தான்.'

முழுக் கட்டுரையையும் எந்திரத்தில் ஏற்றினால்
மதிப்புரை ஐந்து நிமிஷ வேலை.
பக்கத்து அறைக்காரர் அப்படித்தான்
வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்.
எனக்குக் கை வரவில்லை.
இன்னும் அச்சேறாத காகிதம்,
என்னை நம்பி வந்தது.
அட்டவணை மூன்றின் அடியில்
'பள்ளத்தூர், ஏழாம் குப்பி: வழியில் உடைந்தது'
என்றொரு வரி.
உடைந்ததை உடைந்ததென்று எழுதிய கையைத்
தள்ளிவிட மனசில்லை.
திருத்தி அனுப்பட்டும் என்றேன்.
எந்தக் கருவி, எந்த வரியில், எதற்கு என்று
சொல்லட்டும் என்றேன்.

கடைசியில் என் பங்கையும் சேர்த்தேன்:
'இந்த மதிப்புரையின் ஆங்கிலப் பிழைகளை
ஒரு கருவி திருத்தியது.
கட்டுரையை அதனிடம் காட்டவில்லை.'
முப்பது வருஷமாக ஆங்கிலம் எழுதியும்
சொல்லுக்கு முன்னால் வரும் அந்தக் குட்டிச் சொற்கள்
எனக்குப் பிடிபட்டதே இல்லை.

ஆறு வாரம் கழித்துத் திருத்தம் வந்தது.
நன்றி, மன்னிப்பு, கருவியின் பெயர்,
எல்லாம் இருந்தது. அருணகிரியும் நானும் இல்லை.
எங்கள் இடத்தில் புதிய இருபத்து மூன்று.
தேடினேன். நிஜமாகவே இருக்கிறது,
பக்கம் எண் உட்பட.
திறந்தேன்.
அது கிணற்று நீரைப் பற்றியது.
ஊரணி என்ற சொல்லே அதில் இல்லை.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
இருபத்து நான்கிலிருந்து பார்க்கத் தொடங்கினேன்.