சிறு பிழைகள்

"சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன.
நிலைத்தன்மை மேம்பட்டுள்ளது."
பீல் நகரில் எதையும் இரண்டு தரம் சொல்வார்கள்,
டொச்சில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.
இரண்டையும் வாசித்தேன்.
இரண்டிலும் ஒன்றுமில்லை.

நேற்றுவரை வலப்பக்க மூலையில்
செம்மஞ்சள் பொத்தான் ஒன்று இருந்தது:
"இன்று வரமுடியாது."
எந்தப் பிழையோடு சேர்த்து
அதையும் சரிசெய்தார்களோ.

விடிய நாலரை. மகனுக்கு முப்பத்தொன்பது காய்ச்சல்.
ஒரு கையில் வெப்பமானி,
மற்றதில் புத்தம்புதுத் திரை.
தொட்ட இடமெல்லாம்
நல்வரவு, நல்வரவு என்றது.
பின்னேரம் பட்டியலில்
என் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு.

அடுத்தநாள், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
"உனக்குமா?" என்று மட்டும் கேட்டாள் மிர்லிண்டா.
கையுறைப் பெட்டியின் மூடியைக் கிழித்து
ஏதோ எழுதினாள்,
மூன்றாம் இலக்க உலர்த்தியின் கதவில் ஒட்டினாள்:

சுகமில்லை என்று சொல்ல
முதலில் மூன்று புள்ளி. பிறகு சக்கரம்.
பிறகு கீழே, கீழே, இன்னும் கீழே.
நிறம் சாம்பல்.
செத்ததுபோல் இருக்கும். அழுத்து, வேலை செய்யும்.

அரைப்பக்க டொச்சில்
நாலு எழுத்துப்பிழை.
மூன்று மாதமாய் அங்கேயே இருக்கிறது,
ஒருவரும் திருத்தவில்லை.